சிலுவை எதற்காக? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு வகுப்பு எடுக்கத் தொடங்கிப் பல வருஷமாகிறது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் வந்துவிட்டால் போதும், அதே கேள்விகள் வேறு வேறு வாய்களிலிருந்து வரும். ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுந்து நின்று கேட்பதும், வேறு மதத்திலிருந்து கல்யாணமாகி வந்த மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்பதும், ஐம்பது வருஷம் கோயிலுக்கு வந்த பெரியவர் வாசல் வேப்பமரத்தடிக்குத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்பதும் பல சமயம் ஒன்றாகவே இருக்கும். அவற்றையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன். சபைக்குச் சபை கருத்து மாறும் இடங்களில் அதையும் சொல்லிவிடுகிறேன். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடி இருக்கும்.

சிலுவையில் அறைவது என்பது என்ன மாதிரித் தண்டனை?

ரோமப் பேரரசு அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்த தண்டனை. ரோமக் குடிமகனை வழக்கமாகச் சிலுவையில் ஏற்றமாட்டார்கள். கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கலகம் அடங்கியபோது, பிடிபட்ட 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரைக்கும் சாலையோரமாக வரிசையாகச் சிலுவையில் ஏற்றினார்கள். கொல்வது மட்டுமே நோக்கம் என்றால் வாள் போதும். அந்தச் சாலையில் மாட்டுவண்டியில் போகிறவன்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்துப் பயப்படவேண்டும், அதற்குத்தான் இது. உடையை உருவி, ஊர் வாசலில் நிறுத்தி, மணிக்கணக்காக, சிலருக்கு நாள்கணக்காகச் சாகவிடுவார்கள். சுவிசேஷம் எழுதிய மாற்கு சொல்லும் கணக்குப்படி இயேசு சிலுவையில் இருந்தது ஏறக்குறைய ஆறு மணி நேரம். இவ்வளவு சீக்கிரம் இறந்துவிட்டாரா என்று தீர்ப்புச் சொன்ன ரோம ஆளுநர் பிலாத்துவே ஆச்சரியப்பட்டதாக அதே மாற்கு எழுதுகிறார்.

1968இல் எருசலேமின் வடபகுதியில் ஒரு பழைய குகைக் கல்லறையைத் தோண்டியபோது, யெகோகனான் என்று பெயர் கீறிய கல் பெட்டியில் ஒரு குதிகால் எலும்பு கிடைத்தது. அதில் சுமார் 11.5 சென்டிமீட்டர் நீளமுள்ள இரும்பு ஆணி அப்படியே இருந்தது. ஆணியின் நுனி வளைந்திருந்தது. அடிக்கும்போது மரத்தின் கணுவில் பட்டு மடங்கியிருக்க வேண்டும். அதனால் வீட்டார் பிடுங்க முடியாமல் ஆணியோடே அடக்கம் செய்துவிட்டார்கள். இயேசுவின் காலத்து மனிதர்தான் அவரும். வகுப்பில் அந்தப் புகைப்படத்தைக் காட்டினால், அதுவரை கிசுகிசுத்துக்கொண்டிருந்த பையன்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள்.

இயேசு சிலுவையில் இறந்ததற்குப் பைபிளுக்கு வெளியே ஆதாரம் உண்டா?

உண்டு. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பேரரசன் திபேரியுவின் ஆட்சியில் பொந்தியு பிலாத்து கிறிஸ்துவுக்கு மரண தண்டனை கொடுத்ததை எழுதியிருக்கிறார். அவருக்குக் கிறிஸ்தவர்களைக் கண்டாலே ஆகாது. ஆகவே நமக்குச் சாதகமாகக் கதை கட்டினார் என்று சொல்ல இடமில்லை. பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. 1961இல் செசரியாவில் அவர் பெயர் பொறித்த கல்லொன்றும் கிடைத்தது. சிலுவை மரணம் நடந்த ஆண்டாக 30 அல்லது 33ஐச் சொல்வார்கள்.

இஸ்லாமியச் சகோதரர்கள் இதை ஏற்பதில்லை. அவரைக் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை என்று குர்ஆன் 4:157 சொல்கிறது. இரு மதங்களும் நேருக்கு நேர் வேறுபடும் இடம் இது. பூசி மெழுகத் தேவையில்லை. அதற்காக டீக்கடையில் சண்டை போடவும் தேவையில்லை.

அவரைக் கொன்றது யூதர்கள்தானே?

தண்டனை ரோமுடையது, தீர்ப்பு ரோம ஆளுநருடையது, ஆணி அடித்தது ரோமப் படைவீரர். எருசலேம் ஆலயத் தலைமை அவரைப் பிடித்துக் கொடுத்தது, ஒரு கூட்டம் கத்தியது. உண்மைதான். ஆனால் சிலுவையில் தொங்கியவரும் யூதர், அடியில் நின்று அழுத தாயும் யூதப் பெண், ஓடிப்போன சீடர்களும் யூதர்கள். ஒரு இனத்தையே "கடவுளைக் கொன்றவர்கள்" என்று பழித்து ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நடந்த கொடுமைகள் திருச்சபையின் பெரிய பாவம். 1959இல் திருத்தந்தை 23ஆம் யோவான் இயேசு இறந்த நாளான பெரிய வெள்ளியின் மன்றாட்டில் யூதர்களை இழிவாகச் சொன்ன சொல்லை நீக்கினார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்றைய யூதர் எல்லார்மேலும் இன்றைய யூதர்மேலும் சுமத்தக்கூடாது என்று எழுதியே வைத்தது. ஆனாலும் இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகம் போடும்போது சில ஊர்களில் இன்னும் பழைய வசனம் தலைகாட்டுகிறது. இயக்குபவர்கள் கவனிக்க வேண்டும்.

"சிலுவை" தமிழ்ச் சொல்லா?

சிரியாக் மொழியிலிருந்து வந்தது. அந்த மொழியில் "ஸ்லீவா". இயேசு பேசிய அரமேயத்தின் நெருங்கிய உறவு மொழி அது. ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்கு முன்பே மேற்குக் கடற்கரையில் இருந்த கிறிஸ்தவர்கள் வழியாக நமக்கு வந்த சொல். சென்னை பறங்கிமலைக் கோயிலில் 1547இல் கண்டெடுத்த கற்சிலுவை இன்றும் இருக்கிறது. சுற்றிலும் பகலவி என்னும் பழைய பாரசீக எழுத்து, மேலே புறா. அதில் இயேசுவின் உருவம் கிடையாது. சிலுவைக்கு இன்னொரு சொல்லான "குருசு" போர்த்துக்கீசியரோடு வந்தது. கடற்கரை ஊர்களில் குருசு, குருசடி என்ற சொற்கள் இன்றும் புழங்குகின்றன.

இவ்வளவு கேவலமான தண்டனை எப்படிக் கழுத்தில் போடும் அடையாளமாயிற்று?

உடனே ஆகவில்லை. மரத்தில் "தூக்கிப்போடப்பட்டவன்" தேவனால் சபிக்கப்பட்டவன் என்பது உபாகமம் 21இல் உள்ள சட்டம். அதை அறிந்த யூதனிடம் போய், சிலுவையில் தொங்கியவர்தான் நீ காத்திருந்த மீட்பரான மேசியா என்றால் எப்படி இருக்கும்? கிரேக்கனுக்கோ சிரிப்பு. முதல் சபைகளுக்கு நிருபங்கள் எழுதிய அப்போஸ்தலன் பவுல் இதை மறைக்கவில்லை. யூதருக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியம் என்று அவரே கொரிந்தியருக்கு எழுதினார்.

அந்தச் சிரிப்புக்குச் சாட்சியாக ரோமின் பாலத்தீன் குன்றில் 1857இல் ஒரு சுவர்க் கிறுக்கல் அகப்பட்டது. சிலுவையில் கழுதைத் தலையோடு ஒரு மனிதன், கீழே கையைத் தூக்கியபடி ஒரு பையன். பக்கத்தில் கோணல்மாணலான கிரேக்கத்தில், "அலெக்சமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்". பள்ளிக்கூடத்துச் சுவரில் கூடப் படிப்பவனைக் கேலி செய்து கரியால் எழுதுவோமே, அதே தினுசு. சிலுவையில் தொங்கும் கடவுளை வரைந்த மிகப் பழைய படங்களில் ஒன்று இந்தக் கேலிப்படம் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. கிறிஸ்தவர்கள் தாங்களே வெளிப்படையாகச் செதுக்கியதற்கு, ரோமில் சாந்த சபீனா கோயிலின் மரக்கதவைத்தான் முதலில் சொல்வார்கள். அது சுமார் 430ஆம் ஆண்டு. அதற்குள் சிலுவைத் தண்டனை வழக்கொழிந்துவிட்டது. கண்ணால் பார்த்துப் பயந்தவர்கள் இருந்தவரை அதை யாரும் நகையாகப் போட்டிருக்க மாட்டார்கள்.

"நமக்காக மரித்தார்" என்கிறீர்கள். அவர் இறந்தால் எனக்கு எப்படி ஆகும்?

எல்லாக் கேள்விக்கும் தாய் இதுதான். கொஞ்சம் உட்கார்ந்து பேசவேண்டும்.

முதலில் ஒன்று. இயேசு மெய்யான கடவுள், மெய்யான மனிதர் என்பதைப் பழைய பொதுச்சங்கங்கள் கூடி, வாதாடி, வரையறுத்தன. சிலுவை எப்படி மீட்கிறது என்பதற்கு அவை அப்படி ஒரு வரையறை எழுதவில்லை. சபைகள் வழிபாட்டில் சொல்லும் பழைய விசுவாச அறிக்கையான நிசேயா விசுவாசப் பிரமாணம் "நமக்காக" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறது. புதிய ஏற்பாட்டிலும் ஒரே விளக்கம் இல்லை, பல படங்கள் இருக்கின்றன. ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கிழிக்கும்போதுதான் சண்டை வருகிறது.

நம் மொழியில் நன்றாகப் பதிந்த படம் "மீட்பு". நகை அடகுக் கடையில் கிடக்கிறது. ரசீது நம் பெயரில்தான், நகையும் நம்முடையதுதான், ஆனால் கழுத்தில் இல்லை. வட்டி ஏறுகிறது, நம்மால் கட்ட முடியாது. அண்ணன் ஒரு நாள் தன் மாட்டை விற்று மொத்தத்தையும் கட்டி, நகையைத் துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுக்கிறான். "அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்கவும் வந்தார்" என்று மாற்கு 10:45 சொல்லும்போது, கிரேக்கத்தில் இருப்பது அடிமையையோ போர்க்கைதியையோ விடுவிக்கக் கொடுக்கும் தொகைக்கான சொல். அடகில் கிடந்தாலும் நகை உரியவருடையதே. அதுபோல மனிதன் எவ்வளவு கெட்டுக் கிடந்தாலும் கடவுளுக்கு உரியவன். இவ்வளவையும் அந்த ஒரு தமிழ்ச் சொல் தாங்குகிறது.

ஆனால் இழுத்துக்கொண்டே போனால் எந்தப் படமும் கிழியும். பணம் யாருக்குக் கட்டப்பட்டது? சாத்தானுக்கு என்று முதல் நூற்றாண்டுகளில் சிலர் சொன்னார்கள். நிசாவின் கிரகோரி ஒருபடி மேலே போய், இயேசுவின் மனித உடல் இரை, உள்ளிருந்த தெய்வத்தன்மை தூண்டில் முள், சாத்தான் விழுங்கி மாட்டிக்கொண்டான் என்றார். அவருடைய நண்பரான நசியான்சின் கிரகோரிக்கு விலை கொடுத்த கதையே பிடிக்கவில்லை. கொள்ளைக்காரனுக்கு விலையா, என்ன அவமானம் என்றார். சரி, தந்தைக்குக் கொடுத்தது என்றால், நம்மைச் சிறைவைத்தவர் அவர் இல்லையே என்றும் கேட்டார். நாலாம் நூற்றாண்டிலேயே இந்தக் கேள்வி வந்துவிட்டது. நம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டால் அதட்டி உட்காரவைக்க வேண்டாம்.

இன்னொரு படம் போர்க்களம். சாவும் தீமையும் தங்கள் முழு பலத்தையும் இயேசுமேல் செலுத்தின. அவர் அதை வாங்கிக்கொண்டு, திருப்பி அடிக்காமல், உடைத்தார். "அவைகளின்மேல் சிலுவையிலே வெற்றிசிறந்தார்" என்பது கொலோசெயர் 2:15. கீழைத் திருச்சபைகள் இதை மிகவும் நேசிக்கின்றன. இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098 வாக்கில் வேறு விதமாகச் சொன்னார். கடவுளுக்குரிய மாட்சியை மனிதன் பறித்தான், ஈடுகட்ட வேண்டியவன் மனிதன், ஈடுகட்ட வல்லவர் கடவுள் மட்டுமே, ஆகவே கடவுளே மனிதரானார். அடுத்த தலைமுறையில் பிரெஞ்சு இறையியலாளர் அபெலார்ட், சிலுவையில் தெரியும் அன்பு நம் கல்மனதைக் கரைத்துத் திருப்புகிறது என்பதை முன்னால் வைத்தார். பதினாறாம் நூற்றாண்டில் திருச்சபைச் சீர்திருத்தக்காரர்களான லூத்தரும் கால்வினும் நீதிமன்றப் படத்தைக் கூர்மையாக்கினார்கள்: நமக்கு வரவேண்டிய தண்டனையை அவர் ஏற்றார். நம் ஊர்ச் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளில் பெரும்பாலும் கேட்கும் பிரசங்கம் இதுதான். ஏசாயா 53இன் "நமக்குச் சமாதானத்தை உண்டுபண்ணும் ஆக்கினை அவர்மேல் வந்தது" என்ற வரி அதற்கு வேர்.

இவற்றில் எது சரி என்று என்னைக் கேட்டால், ஒரே ஒரு சோதனை வைத்துப் பார்க்கச் சொல்வேன். விளக்கம் முடியும்போது தந்தை ஒரு பக்கம், மகன் எதிர்ப்பக்கம் என்று நிற்கிறார்களா? நின்றால் எங்கோ வழி தவறிவிட்டது.

கடவுள் சும்மா மன்னித்திருக்கலாமே? இரத்தம் எதற்கு?

சும்மா மன்னிப்பு என்று ஒன்று இருக்கிறதா? சித்தப்பா மகன் அவசரத்துக்கு 20,000 ரூபாய் கைமாற்று வாங்கினான். திருப்பித் தரவில்லை, தரவும் முடியாது. "போகட்டும், விடு" என்று நீங்கள் சொல்கிறீர்கள். அந்த 20,000 எங்கே போயிற்று? காற்றில் கரையவில்லை, உங்கள் தலையில் விழுந்தது. அந்த மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு நீங்கள்தான் அலைகிறீர்கள். பணத்துக்கே இப்படி. உங்களைப் பற்றி ஊரெல்லாம் பொய் சொன்னவனை மன்னித்துப் பாருங்கள். பதிலுக்குப் பேச வரும் வார்த்தையை விழுங்குகிற ஒவ்வொரு முறையும் வலிக்கும்.

அரமேயத்தில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல். மத்தேயுவின் பரமண்டல ஜெபத்தில் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று வருவது அதனால்தான். மன்னிக்கிறவர் நஷ்டத்தைத் தாமே ஏற்கிறார். கடவுள் மன்னித்தபோது அந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரிந்த இடம் சிலுவை என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறோம். இரத்தத்தைப் பார்த்தால்தான் கடவுளுக்குக் கோபம் தணியும் என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஒருவன் செய்த குற்றத்துக்கு இன்னொருவனைத் தண்டிப்பது நீதியா? பெற்ற மகனை அடித்த அப்பா கதைதானே இது?

மூன்றாம் ஆளைப் பிடித்து அடித்திருந்தால் அது அநீதிதான். பிரசங்க மேடைகளில் அப்படியே சொல்கிறவர்களும் உண்டு. ரயில் வருகிறது, பாலத்தை மூடவேண்டும், இயந்திரத்துக்குள் தன் சின்ன மகன் மாட்டியிருக்கிறான், அப்பா பயணிகளைக் காப்பாற்ற மகனைச் சாகவிடுகிறார் என்று ஒரு கதை. சிறுவயதில் அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. கூடவே அந்த அப்பாமேல் பயமும் வந்தது. அந்தப் பயம் நியாயமானது. கதையில் மகனுக்கு நடப்பது எதுவும் தெரியாது, அப்பா தன் உடம்பில் ஒரு கீறலும் படாமல் நிற்கிறார். சுவிசேஷம் இரண்டையும் மறுக்கிறது. யோவான் 10இல் இயேசு தம் உயிரைத் தாமாகவே கொடுப்பதாகச் சொல்கிறார், ஒருவனும் பறிக்கவில்லை என்கிறார். பவுல் 2 கொரிந்தியர் 5:19இல் "தேவன் … கிறிஸ்துவுக்குள் அவர்களைத் தமக்கு ஒப்புரவாக்கி" என்கிறார். ஒப்புரவாக்கியவரும் கடவுள், விலை கொடுத்தவரும் கடவுள். தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவ நம்பிக்கையைக் கழற்றி வைத்துவிட்டுச் சிலுவையை விளக்கப் போனால் அந்த ரயில்பாலக் கதையில்தான் போய் முட்டும்.

எங்கள் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவோமே, அதே போலத்தானா?

இதைக் கேட்ட மருமகளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கேள்வி அவ்வளவு நேரானது.

சொந்தம் இருக்கிறது. பழைய ஏற்பாடு முழுக்கப் பலிதான். எகிப்தை விட்டுப் புறப்பட்ட இரவில் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை நிலைக்காலில் பூசினார்கள். அதன் நினைவுநாளான பஸ்காவை ஒட்டியே இயேசு இறந்தார். லேவியராகமம் 16இல் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் வரும். ஒன்றைப் பலியிடுவார்கள். இன்னொன்றின் தலையில் ஆசாரியன் கைவைத்து ஜனத்தின் பாவங்களை அறிக்கையிட்டு வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவான். பழைய மொழிபெயர்ப்பில் அதற்குப் "போக்காடு" என்று பெயர். எவ்வளவு கச்சிதமான சொல்!

வேறுபாடு திசையில் இருக்கிறது. கிடா வெட்டில் குடும்பம் கடவுளுக்குக் கொடுக்கிறது. சிலுவையில் கடவுள் கொடுக்கிறார், மனிதர் வாங்கிக்கொள்கிறார்கள். இன்னொன்று, கிடா வெட்டு வருஷா வருஷம் உண்டு. எபிரெயர் நிருபம் இயேசுவின் பலியை "ஒரேதரம்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. கத்தோலிக்கத் திருப்பலியில் அந்தப் பலி மறுபடி நடப்பதில்லை, அதே ஒரே பலி நம்முன் நிகழ்காலமாகிறது என்று திருச்சபை கற்பிக்கிறது. சீர்திருத்த சபைகள் அந்தப் பேச்சையே ஏற்பதில்லை. ஐந்நூறு வருஷ வழக்கு அது, இங்கே தீராது.

"என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கடவுளே கேட்கலாமா?

மாற்குவிலும் மத்தேயுவிலும் இயேசு சிலுவையில் பேசும் ஒரே வாக்கியம் அதுதான். மற்ற ஆறு வார்த்தைகள் லூக்காவிலும் யோவானிலும் இருக்கின்றன. பெரிய வெள்ளி மதியம் ஏழு வார்த்தைகளையும் ஒன்றாகக் கோத்துக் கேட்பதால், மாற்கு சுவிசேஷத்தை மட்டும் வைத்திருந்த முதல் சபையார் எப்படி அதிர்ந்திருப்பார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை. அவர்களுக்கு "முடிந்தது" இல்லை, "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" இல்லை. எலோயீ (என் தேவனே) என்ற கூப்பாட்டைப் பக்கத்தில் நின்றவர்கள் எலியாவைக் கூப்பிடுகிறான் என்று தப்பாகக் கேட்டார்கள் என்ற சின்ன விவரம்கூட அந்தத் தனிமையைக் கூட்டுகிறது.

அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி, அந்தச் சங்கீதம் புகழ்ச்சியில் முடிகிறது, ஆகவே இயேசு நம்பிக்கையோடுதான் சொன்னார் என்று பலர் அவசரமாக ஆறுதல் சொல்வார்கள். முதல் பாதி உண்மை. ஆனால் சாகும் மனிதன் கத்தும்போது அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்க்கச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. ஜெர்மன் இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் பதினெட்டு வயதில் இரண்டாம் உலகப் போரில் சிக்கி, போர்க்கைதி முகாமில் மாற்குவின் இந்த வரியைப் படித்து, தன்னைப் புரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று உணர்ந்ததைச் சொல்லியிருக்கிறார். பிறகு 1972இல் சிலுவையில் அறையப்பட்ட கடவுள் என்பதையே தலைப்பாக்கி எழுதினார். கைவிடப்பட்ட இடத்திலும் கடவுள் வந்து உட்கார்ந்துவிட்டார் என்றால், இனிக் கடவுள் இல்லாத இடம் என்று ஒன்று மிச்சமில்லை. ஐ.சி.யு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இராத்திரி முழுக்க உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும்.

யோவானில் இயேசு சிலுவையில் சொன்ன "முடிந்தது" என்றால் தோற்றுவிட்டேன் என்று அர்த்தமா?

கிரேக்கத்தில் அது வேலை நிறைவேறியதைச் சொல்லும் வினைச்சொல். செய்து முடித்தாயிற்று, அதன் பலன் நிற்கிறது என்ற பொருள் அதன் காலத்திலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் கடன் பத்திரத்தில் இதே சொல்லைத்தான் எழுதுவார்கள் என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். அதற்குச் சான்று பலவீனமானது, விட்டுவிடலாம். வசனத்துக்கு அந்த முட்டு தேவையில்லை.

கத்தோலிக்கர் சிலுவையில் இயேசு இருக்கிறார், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சிலுவை வெறுமையாக இருக்கிறதே?

ஒன்று பாடுபட்ட சுரூபம், அவர் பட்டதைக் காட்டுகிறது. மற்றது அவர் அங்கே இல்லை, எழுந்துவிட்டார் என்கிறது. லுத்தரன் கோயில்கள் பலவற்றில் உருவத்தோடு கூடிய சிலுவை உண்டு. இதை வைத்து ஒருவரையொருவர் குத்திக்காட்டுவது வீண்வேலை.

"இது என் சிலுவை, சுமக்கத்தான் வேண்டும்" என்கிறார்களே. எல்லாத் துன்பமும் சிலுவையா?

இல்லை. இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

வகுப்புக்கு வந்த ஒரு அக்கா, முழங்கை வரை கைவைத்த ரவிக்கை போட்டிருந்தார், சித்திரை வெயிலில். ஒரு நாள் கையைத் தூக்கும்போது காயம் தெரிந்தது. குடித்துவிட்டு வந்து அடிக்கிறார் புருஷன். பெரியவர்களிடம் போய்ச் சொன்னதற்கு, "ஆண்டவர் உனக்குக் கொடுத்த சிலுவைம்மா, ஜெபம் பண்ணிப் பொறுத்துக்கோ" என்றார்களாம். லூக்கா 9:23இல் சிலுவையை அனுதினமும் எடுத்துக்கொள்ளச் சொன்ன வாக்கைக் கேட்டவர்கள், குறுக்குமரத்தைத் தோளில் சுமந்து தெருவில் போகும் கைதியைக் கண்ணால் கண்டவர்கள். அந்த வாக்கு, அவரைப் பின்பற்றி நீதிக்காக நிற்பதால் வரும் அடியைப் பற்றியது. குடிகாரப் புருஷன் அந்தக் கணக்கில் வரமாட்டான். அந்த வீட்டில் ஆணி அடிப்பவன் அவன். அந்த அக்காவை அண்ணன் வீட்டுக்கு அனுப்பி, காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வைத்தோம்.

நோய், இழப்பு, முதுமை வேறு. அவற்றை நாம் தேடிப்போவதில்லை, தவிர்க்கவும் முடியவில்லை. அங்கே சிலுவையைப் பார்த்து, நீரும் பட்டீரே என்று சொல்லிக்கொள்வது பெரிய ஆறுதல். என் அம்மா கடைசி நாட்களில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தானாகச் சொல்லிக்கொள்வது வேறு, அடுத்தவர் முதுகில் ஏற்றுவது வேறு.

ஒடுக்கப்பட்டவர்களுக்குச் சிலுவையில் தனியாக ஏதாவது உண்டா?

ஊருக்கு வெளியே, உடையின்றி, அரசின் கையால் செத்தவர் அவர். அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஜேம்ஸ் கோன் சிலுவையையும், கறுப்பர்களை அடித்துத் தூக்கிலிட்ட மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினார். இந்தியாவில் 1981இல் பெங்களூரில் இறையியலாளர் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் வளர்ந்தது. தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்களோடு தம்மை ஒன்றாக்கிக்கொண்ட கடவுள் என்று அது சிலுவையைப் படிக்கிறது. அந்தச் சிலுவையைப் பீடத்தில் வைத்துக்கொண்டே கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் வைத்திருக்கிற ஊர்களும் நம்மிடம் உண்டு. இயேசு இறந்தபோது, சந்நிதியை மறைத்துப் பிரித்த எருசலேம் ஆலயத்தின் திரைச்சீலை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது என்ற வசனத்தை அங்கேயும் வருஷம் தவறாமல் வாசிக்கிறார்கள்.

உயிர்த்தெழவில்லை என்றால்?

பவுலே பதில் சொல்லிவிட்டார்: அப்படியானால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா. ரோம் கொன்ற எத்தனையோ பேரில் இன்னொருவர், அவ்வளவுதான். சிலுவையின் வெள்ளிக்கிழமையை உயிர்ப்பின் ஞாயிறோடு சேர்த்துத்தான் படிக்கவேண்டும். ஆனால் வெள்ளியைத் தாண்டிக் குதித்து ஞாயிறுக்குப் போகவும் கூடாது.

நான் கிறிஸ்தவர் இல்லை. பெரிய வெள்ளி வழிபாட்டுக்கு வந்து பார்க்கலாமா?

தாராளமாக. அன்று கத்தோலிக்கக் கோயிலில் திருப்பலி கிடையாது, மணி அடிக்காது, மரக்கட்டையைத் தட்டுவார்கள். பீடம் துணிகூட இல்லாமல் வெறுமையாக இருக்கும். காலையில் சிலுவைப்பாதை, பதினான்கு நிலைகள், ஒவ்வொன்றிலும் முழந்தாள். முட்டி வலிக்கும், நின்றுகொண்டாலும் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். சீர்திருத்த சபைகளில் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை ஏழு வார்த்தைகளையும் வரிசையாகத் தியானிப்பார்கள். பெரும்பாலும் ஏழு பேர் பேசுவார்கள். நாலாவது வார்த்தைக்குள் பசி தெரிய ஆரம்பிக்கும், தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். கத்தோலிக்கக் கோயிலில் மாலையில் சிலுவை முத்தி செய்ய வரிசை நிற்கும். அதில் சேர வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். எங்கள் கோயிலில் எல்லாம் முடிந்ததும் வாசலில் பெரிய அண்டாவில் கஞ்சி ஊற்றுவோம், தொட்டுக்கொள்ளத் துவையல். யார் என்ன என்று கேட்காமல் கொடுப்போம். கையோடு ஒரு தம்ளர் கொண்டுவந்தால் நல்லது, கடைசி ஆட்களுக்கு எப்போதும் பற்றாமல் போகிறது.